கேட்டதும் கேளாததும்



உங்கள் பிள்ளை ஆங்கிலப் பயிற்சிப் புத்தகத்தில் ‘ஐ ஆம் ஹியரிங் தி ரேடியோ’ என்று எழுதி, ஆசிரியர் அதைச் சிவப்பு மையால் அடித்திருந்தால் பிள்ளையைத் திட்டாதீர்கள். தமிழில் நினைத்து ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறான், அவ்வளவுதான். ‘நான் ரேடியோ கேட்கிறேன்’ என்பது நமக்குச் சரியான வாக்கியந்தானே? இருபது ஆண்டுகளாகத் தோட்டப் பள்ளியில் தமிழும் ஆங்கிலமும் சொல்லிக் கொடுக்கிறேன். ஆண்டு தவறாமல் இந்த வாக்கியம் என் மேசைக்கு வந்து சேரும்.

ஆங்கிலத்தில் காதின் வேலைக்கு இரண்டு சொற்கள். ‘ஹியர்’ என்பது ஒலி தானாக வந்து காதில் விழுவது. நள்ளிரவில் லயத்துக்குப் பின்னால் நாய் குரைத்தால், நீங்கள் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் அது விழும். ‘லிசன்’ என்பது நாமாகக் காது கொடுப்பது. மனம் வைத்துச் செய்கிற வேலை என்பதால் ‘ஐ ஆம் லிசனிங்’ என்று நடந்துகொண்டிருக்கும் செயலாகச் சொல்லலாம். காதில் விழுவதைப் பொதுவாக அப்படிச் சொல்வதில்லை. ‘ஐ கேன் ஹியர்’ என்பார்கள். லிசனுக்குப் பின் ‘டு’ வரும், ஹியருக்கு வராது. விலக்கும் உண்டு. நீதிபதி வழக்கை விசாரிப்பதும் ‘ஹியர்’தான், அங்கே ‘ஈஸ் ஹியரிங்’ என்று தாராளமாக எழுதலாம். நீதிபதி காது கொடுக்காமல் தீர்ப்புச் சொல்ல முடியுமா?

நம்முடைய ‘கேள்’ இதைவிடப் பெரிய குடும்பஸ்தர். சத்தம் கேட்பது, பாட்டுக் கேட்பது, பெரியவர் சொல் கேட்பது, கடையில் விலை கேட்பது, சம்பளத்துக்கு முன்னால் கடன் கேட்பது எல்லாம் அவர் பிள்ளைகள்தாம். வள்ளுவர் 42-ஆம் அதிகாரத்துக்குக் ‘கேள்வி’ என்று பெயர் வைத்தது அறிவுடையோர் சொல்லைச் செவியால் பெறுவதைப் பற்றி. என் மாணவர்களுக்கோ கேள்வி என்றால் சோதனைத் தாளில் வந்து பயமுறுத்துவது.

இதையெல்லாம் வகுப்பில் சிரித்துக்கொண்டே சொல்வேன். ஆனால் அந்த இரண்டு ஆங்கிலச் சொற்களையும் நான் உண்மையில் படித்துக்கொண்டது பயிற்சிக் கல்லூரியில் அல்ல.

2009-ஆம் ஆண்டு. அப்போது பேராக்கில் ஒரு செம்பனைத் தோட்டத்துப் பள்ளியில் இருந்தேன். நான்காம் ஆண்டு வகுப்பில் ஒரு பையன். கூப்பிட்டால் திரும்பமாட்டான். பக்கம் இருபது என்றால் பன்னிரண்டைத் திறப்பான். நான் எரிச்சலில் அவனைக் கடைசி வரிசைக்கு அனுப்பிவிட்டேன். அவனுடைய தாயார் தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்குபவர். ஒரு நாள் வேலை உடுப்போடு பள்ளிக்கு வந்தபோது, “உங்க மகன் சொன்னாக் கேட்கிறதே இல்லம்மா” என்றேன். “வீட்லயும் அவனுக்குக் கேக்க மாட்டேங்குது சார்” என்றார். “கொஞ்சம் கண்டிச்சு வையுங்க” என்று சொல்லி அனுப்பினேன். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். எனக்கு அடுத்த பாடம்.

சில மாதங்கள் கழித்துச் சுகாதாரக் குழுவினர் பள்ளிக்கு வந்தார்கள். அவன் காதில் சீழ் இருந்ததைப் பார்த்து ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார்கள். ஆசிரியர் கருத்து என்ற இடத்தில் நான் ஆங்கிலத்தில் ‘டஸ் நாட் லிசன்’ என்று எழுதினேன். வேலைக்குப் போகாவிட்டால் அன்றையச் சம்பளம் போய்விடும் என்று தாயார் தயங்கியதால், பையனை நானே அழைத்துப் போனேன்.

மலாய்க்கார அம்மையார் ஒருவர் டாக்டர். தாளைப் படித்துவிட்டு நிமிர்ந்தார். மலாயில் ‘டெங்ஙார்’ என்பதும் நம் கேளைப் போலத்தான், காதில் விழுவதற்கும் சொல் கேட்பதற்கும் பொது. அதனாலோ என்னவோ ஆங்கிலத்திலேயே கேட்டார். “சிக்கு, இவன் லிசன் பண்ணுவதில்லையா, அல்லது ஹியர் பண்ண முடியவில்லையா?”

பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. டாக்டர் எழுந்து பையனுக்குப் பின்னால் போய் நின்று அவன் பெயரை மெதுவாகச் சொன்னார். அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

நடுச்செவியில் நீர் கோத்திருந்தது. சாதாரணப் பேச்சு ஏறத்தாழ 60 டெசிபல், கிசுகிசுப்பு 30 என்பார்கள். அவனுக்கு 40-க்குக் குறைந்த ஒலி எதுவும் விழவில்லை. கடைசி வரிசைக்குப் போய்ச் சேரும்போது என் குரலில் எவ்வளவு மிஞ்சியிருக்கும் என்று நீங்களே கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள். அவனை அங்கே உட்கார வைத்தது நான்.

திரும்பும் வழியில் பஸ்ஸில் எனக்கு இன்னொன்று உறைத்தது. இந்த வேறுபாட்டுக்கு ஆங்கிலம் வேண்டியதே இல்லை. ‘அவன் கேட்கவில்லை’ என்றால் குற்றம். ‘அவனுக்குக் கேட்கவில்லை’ என்றால் நோய். நடுவே நிற்பது ‘கு’ என்ற ஒரேயொரு நான்காம் வேற்றுமை உருபு. அந்த உருபை நான் ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதிப் பாடம் நடத்துகிறவன். அந்தத் தாயார், பள்ளிப் படிப்பை மூன்றாம் வகுப்போடு நிறுத்தியவர், ‘அவனுக்கு’ என்று சரியாகத்தான் சொன்னார். ஒலி என் காதில் விழுந்தது. நான் காது கொடுக்கவில்லை.

மறுநாள் மாலை அவர் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். அவர் என்னைக் குறை கூறவில்லை, தேநீர் போட்டுக் கொடுத்தார். அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

பிறகு பெரிய ஆஸ்பத்திரியில் செவிப்பறையில் சிறு துளையிட்டு நீரை எடுத்து, சின்னஞ்சிறு குழாய் வைத்தார்கள். இரண்டு வாரம் கழித்துப் பையன் வகுப்புக்கு வந்தான். முதல் வரிசையில் உட்கார வைத்தேன். பாடம் தொடங்கிச் சிறிது நேரத்தில் கையைத் தூக்கி, “சார், அந்த ஃபேன் கிறீச்சு கிறீச்சுன்னு சத்தம் போடுது சார்” என்றான்.

அது இரண்டு வருஷமாகப் போட்டுக்கொண்டிருந்த சத்தம்.