உரையரங்கில் ஒரு கேள்வி

‘அரசியல்’ என்ற சொல்லைக் கேட்டாலே நம் வீடுகளில் முகம் சுளிப்பவர்கள் அதிகம். காஜாங்கிலிருந்து பல்கலைக்கழக விடுதிக்கு நான் பெட்டியைக் கட்டியபோது அம்மா சொன்னதும் இதுதான்: “படிக்கப் போற இடத்துல அரசியல் கிரசியல்னு சுத்தாதம்மா. கல்விக் கடன் இருக்கு, மறந்துடாத.”

அம்மாவின் அச்சத்தில் வரலாறு இருக்கிறது. 1974 டிசம்பரில், பாலிங் வட்டாரச் சிறுதோட்டக்காரர்களின் வறுமைக்காக மாணவர்கள் கோலாலம்பூரில் திரண்டனர், பலர் கைதாயினர். அடுத்த ஆண்டே, 1971ஆம் ஆண்டின் பல்கலைக்கழக, பல்கலைக்கழகக் கல்லூரிச் சட்டம் மேலும் இறுக்கப்பட்டது. மாணவர்கள் எந்தக் கட்சியையும் ஆதரிக்கவோ எதிர்க்கவோ கூடாது என்ற விதி பல தலைமுறைகளின் வாயைக் கட்டிப்போட்டது.

அந்த விதியை அசைத்தவர்கள் காஜாங்கிற்கு அருகில், பாங்கியில் படித்தவர்கள் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. 2010 ஏப்ரலில் உலு சிலாங்கூர் இடைத்தேர்தல் நடந்தது. ம.இ.கா.வின் பி. கமலநாதன் வென்ற தேர்தல் அது. அந்தப் பிரசாரக் களத்திற்குச் சென்ற மலேசியத் தேசியப் பல்கலைக்கழக அரசியல் அறிவியல் மாணவர்கள் நால்வர் மீது ஒழுங்கு நடவடிக்கை பாய்ந்தது. வகுப்பறையில் தேர்தலைப் படித்தவர்கள் களத்தில் அதைக் காணச் சென்றது குற்றமாயிற்று! அவர்கள் நீதிமன்றம் சென்றனர். 2011 அக்டோபர் 31இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், அந்த விதி பேச்சுரிமைக்கு முரணானது என்று பெரும்பான்மைத் தீர்ப்பு வழங்கியது. 2012இல் மாணவர்கள் கட்சியில் சேரச் சட்டம் வழிவிட்டது. வளாகத்திற்குள் கட்சி நடவடிக்கைகளுக்கு இருந்த தடையை நீக்கும் திருத்தம் 2018 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது.

கதவு திறந்துவிட்டது. ஆனால், உள்ளே போகிறவர்களில் நாம் எத்தனை பேர்?

எங்கள் அரசியல் அறிவியல் துறை அடிக்கடி பொது உரைகளை நடத்துகிறது. கட்டணம் இல்லை. இறுதியில் தேநீரும் கறிபாப்பும் உண்டு. விடுதி இடத்தைக் காத்துக்கொள்ள உதவும் மெரிட் புள்ளியும் உண்டு. உண்மையைச் சொன்னால், முதல்முறை நான் அந்தப் புள்ளிக்காகத்தான் போனேன். அன்றைய தலைப்பு வாக்குரிமை. 2021 டிசம்பர் 15 முதல் 18 வயதானவர்கள் தாமாகவே வாக்காளர்களாகப் பதிவாகின்றனர். 2022 நவம்பர் 19இல் நடந்த 15ஆவது பொதுத்தேர்தலில் அந்த இளையோரும் வாக்களித்தனர். இவற்றையெல்லாம் விரிவுரைஞர் தெளிவாக விளக்கினார். மண்டபம் நிறைந்திருந்தது. தமிழ் முகங்கள் என்னோடு சேர்த்து நான்கு.

கேள்வி நேரம் வந்தது. என் கை தானாக உயர்ந்தது. காஜாங்கைச் சுற்றியிருந்த தோட்டங்களில் ஒன்றில் பால்மரம் வெட்டிய என் பாட்டியைப் பற்றிச் சொன்னேன். இந்நாட்டிலேயே பிள்ளை பெற்று, பேரன் பேத்தி எடுத்து, சிவப்பு அடையாள அட்டையுடனேயே கண்ணை மூடியவர் அவர். தேர்தல் நாளன்று அனைவரையும் வாக்களிக்க அனுப்பிவிட்டு, வீட்டில் சோறாக்கிக் காத்திருப்பார். “எனக்குக் கேட்காமலே கிடைத்த உரிமை, அவருக்கு ஏன் கடைசிவரை கிடைக்கவில்லை?” என்று மலாயில் கேட்டேன். குரல் நடுங்கியது.

விரிவுரைஞர் கேள்வியைத் தட்டிக் கழிக்கவில்லை. அரசியலமைப்பின் 19ஆவது பிரிவை எடுத்துக்காட்டி, குடியுரிமை கோருபவருக்குப் போதிய மலாய்மொழி அறிவு வேண்டும் என்ற நிபந்தனையை விளக்கினார். எழுதப்படிக்க வாய்ப்பே இல்லாமல் தோட்டத்தில் வளர்ந்த ஒருத்திக்கு அந்த நிபந்தனை எவ்வளவு பெரிய சுவராக இருந்திருக்கும் என்று அன்றுதான் உணர்ந்தேன். நிகழ்ச்சி முடிந்ததும் கிளந்தானைச் சேர்ந்த சக மாணவி ஒருத்தி என்னிடம் வந்தாள். “இப்படி வாழ்ந்தவர்கள் இருக்கிறார்கள் என்று எனக்கு யாருமே சொன்னதில்லை,” என்றாள். அவள் நாளை அரசு அதிகாரி ஆகலாம். சட்டம் வரையும் மேசையிலும் அமரலாம். அப்போது என் பாட்டி அவள் நினைவுக்கு வருவார் அல்லவா?

நம் முன்னோர் இந்த மேடைகளுக்கு அந்நியர்கள் அல்லர். 1954இல், அன்று சிங்கப்பூரில் இருந்த மலாயாப் பல்கலைக்கழகத்தில் ‘பஜார்’ என்ற மாணவர் இதழின் கட்டுரைக்காக எட்டு மாணவர்கள் தேச நிந்தனைக் குற்றச்சாட்டை எதிர்கொண்டு விடுதலையாயினர். எம்.கே. ராஜகுமாரும் ஜேம்ஸ் புதுச்சேரியும் அவர்களில் இருவர். அவர்கள் சிறைக்கு அஞ்சாமல் எழுதினார்கள். நாமோ குளிரூட்டிய மண்டபத்தில் கை உயர்த்தவே தயங்குகிறோம்.

தம்பி தங்கையரே, கட்சிக் கொடி பிடிக்கச் சொல்லவில்லை. துறை அறிவிப்புப் பலகையைப் பாருங்கள். ஓர் உரைக்குச் செல்லுங்கள். கடைசி வரிசையை விட்டு முன்னே அமருங்கள். உங்கள் வீட்டுக் கதையிலிருந்து ஒரு கேள்வியை மலாயில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். நம் கதையை நாம் கேள்வியாக்காவிட்டால், அதற்கு விடை தேட வேண்டும் என்று யாருக்கும் தோன்றாது.