துருவைப் பார்த்து விலை பேசு

பழைய வாஷிங் மெஷின் வாங்கப் போகிறவர்கள் முதல் வேலையாகப் பிளக்கைச் சொருகிப் பார்ப்பார்கள். ஓடினால் காசை எண்ணிக் கொடுத்துவிடுவார்கள். வேலைக்காக அமெரிக்காவின் அயோவா மாநிலத்துக்கு வந்து, பழைய மெஷின்களைத் தேடி வாங்கும் பைத்தியமும் பிடித்துக்கொண்ட எனக்கு அதில் உடன்பாடில்லை. ஓடாத மோட்டாரைச் சரிசெய்துவிடலாம். துருப்பிடித்து ஓட்டை விழுந்த தொட்டிக்கு மாற்றுக் கிடைக்காது. தவிர, அறுபது எழுபது வருஷத்து ஒயரின் ரப்பர் உறை வெடித்து உதிர்ந்திருக்கும். பல பழைய மெஷின்களுக்கு எர்த் இணைப்பே கிடையாது. ஒயரை மாற்றாமல் பிளக்கைத் தொடாதே என்பதுதான் இந்தத் தொழிலின் அரிச்சுவடி.

இந்த வேட்டைக்கு அயோவா தோதான இடம். மேடேக் கம்பெனி பிறந்த நியூட்டன் நகரம் இங்கேதான் இருக்கிறது. 1893-இல் விவசாயக் கருவிகள் செய்யத் தொடங்கிய கம்பெனி, 1907-இல் முதல் சலவை இயந்திரத்தை விற்றது. மின்சாரம் எட்டாத பண்ணை வீடுகளுக்கென்று, காலால் உதைத்துக் கிளப்பும் பெட்ரோல் என்ஜின் வைத்த மெஷின்களும் அங்கே தயாராயின. துணியை இரண்டு உருளைகளுக்கு நடுவே விட்டுப் பிழியும் 'ரிங்கர்' மெஷின்களை 1983 வரை செய்தார்கள். 2006-இல் வேர்ல்பூல் அந்தக் கம்பெனியை வாங்கியது; மறு வருஷம் நியூட்டன் ஆலையை மூடியது. ஆலை போனாலும் அதன் மெஷின்கள் சுற்றுவட்டார வீடுகளின் பேஸ்மெண்ட்டில் இன்னும் நிற்கின்றன. வயதானவர்கள் காலமான பிறகோ முதியோர் இல்லம் போகும்போதோ வீட்டுச் சாமான்களை மொத்தமாக விற்பார்களே, அந்த 'எஸ்டேட் சேல்'களில்தான் அவை வெளியே வரும்.

பேஸ்மெண்ட்டில் இருந்த மெஷினுக்குத்தான் நான் கூடுதல் விலை கொடுப்பேன். கொட்டகையிலோ கராஜிலோ கிடந்ததென்றால், குளிர்காலத்தில் பம்புக்குள் தங்கிய தண்ணீர் உறைந்து பம்பையே பிளந்திருக்கலாம். மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்ப்பதுபோல, இங்கே பார்க்க வேண்டியது அஜிடேட்டரின் அடிப்பக்கம். நடுவில் நின்று துணியைக் கலக்கும் அந்தத் தண்டைக் கழற்றினால் மெஷினின் ஜாதகம் தெரிந்துவிடும். பல வருஷம் கழற்றாமல் விட்டது லேசில் வராது. கொதிக்கிற தண்ணீரை ஊற்றி ஊற விட்டு, வார் மாட்டி இழுக்க வேண்டும். கீழே சீல் கசிந்திருந்தால் தண்ணீர் பேரிங்கில் இறங்கியிருக்கும். தரையில் எண்ணெய்க் கறை இருந்தால் கியர் பெட்டியிலும் சீல் போய்விட்டது. சீல், பெல்ட், ஹோஸ் எல்லாம் எப்படியாவது கிடைத்துவிடும். பீங்கான் பூச்சு பெயர்ந்து அரித்த தொட்டியென்றால் உதிரிப் பாகங்களின் விலைக்குத்தான் கேட்பேன்.

அடுத்தது டைமர். சின்ன மோட்டார் ஒன்று பற்கள் வெட்டிய உருளையை மெல்ல நகர்த்த, அது ஒவ்வொரு சுவிட்சாகத் தட்டிப் போகும். நாபை அமுக்கி வைத்துக்கொண்டு, கடிகாரம் சுற்றும் திசையில் மட்டும் திருப்பிப் பார்க்க வேண்டும். எதிர்ப்பக்கம் திருகினால் பல மாடல்களில் உள்ளே உடைந்துபோகும். இந்த டைமர்களை இப்போது யாரும் செய்வதில்லை. செத்த மெஷினிலிருந்து கழற்றினால்தான் உண்டு.

இவ்வளவு மெனக்கெட வைப்பது உள்ளே இருக்கிற புத்திதான். 1950-களின் நடுவில் வந்த மேடேக் தானியங்கியில் மோட்டார் ஒரு திசையில் சுற்றினால் துவைக்கும். திசை மாறினால் தொட்டி சுழன்று பிழியும், பம்பும் தண்ணீரை வெளியே தள்ளும். ஒரு ஸ்க்ரூடிரைவரோடு உட்கார்ந்தால் முழுவதும் விளங்கிவிடும். ஆனால் 1937-இல் வந்த பெண்டிக்ஸ் கம்பெனியின் தானியங்கிக்கு அதிர்வைத் தாங்கும் ஸ்பிரிங் அமைப்பு கிடையாது. தரையில் போல்ட் அடித்துத்தான் நிறுத்தியாக வேண்டும். அதை வாங்குகிறவர் கான்கிரீட்டில் துளை போடச் சம்மதமா என்று வீட்டில் முதலில் கேட்டுக்கொள்வது நல்லது.

துணி உலர்த்தும் டிரையரோ எளிய ஜீவன்: டிரம், பெல்ட், காற்றாடி, சூடேற்றி, தெர்மோஸ்டாட். மின் டிரையருக்கு இங்கே 240 வோல்ட் வேண்டும். கேஸ் டிரையர் என்றால் குழாய் வாயுவுக்கானதா, சிலிண்டருக்கானதா என்று பார்க்க வேண்டும். மெஷினும் டிரையரும் ஒரே பேனல் அழகோடு ஜோடியாக வந்தால் பிரிக்காமல் எடுத்துவிடுவேன். பிரிந்த ஜோடியைச் சேர்ப்பது குதிரைக்கொம்பு.

ஒரு சலவைக்கு 150 லிட்டர் தண்ணீர் வரை குடிப்பவை இவை. அந்தக் குற்றச்சாட்டுக்கு என்னிடம் பதில் இல்லை. நிறையத் துணி சேர்ந்த பிறகே ஓட்டுகிறேன். ஓட்டாமலும் விட முடியாது. சும்மா நிற்கும் மெஷினில் சீல் காய்ந்து இறுகிவிடும். அதனால் வீட்டு அழுக்குத்துணி முறை வைத்து எல்லா மெஷினுக்கும் போகிறது. புதிதாக ஒன்றைப் பார்க்கும்போது நான் கேட்டுக்கொள்ளும் கேள்வியும் இதுதான்: இதற்கு எந்தக் கிழமையை ஒதுக்குவது? கிழமை இல்லையென்றால், இலவசமாகக் கொடுத்தாலும் வேறொருவருக்குச் சொல்லிவிட்டு வந்துவிடுவேன்.