வோல்ட்மீட்டர் குடிக்கும் பாயசம்

பிளஸ் டூ லேபில் மின்னழுத்தமானியைப் பார்த்ததும் எல்லோரும் கேட்பது இதுதான்: "வோல்ட்மீட்டர் ஒரு நொடியில் காட்டிவிடுமே, எதற்கு இந்தப் பத்து மீட்டர் கம்பி?" நியாயமான கேள்வி.

முள் வைத்த வோல்ட்மீட்டர், அளப்பதற்காகவே மின்கலத்திலிருந்து கொஞ்சம் மின்னோட்டத்தை எடுத்துக்கொள்ளும். உடனே கலத்தின் அகமின்தடையில் கொஞ்சம் மின்னழுத்தம் செலவாகிவிடும். மீதியைத்தான் நமக்குக் காட்டும். கல்யாண வீட்டில் பாயசம் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கப் போனவர், ஒரு டம்ளர் குடித்துவிட்டு வந்து கணக்குச் சொல்வது மாதிரி :-) டிஜிட்டல் மல்டிமீட்டர் குடிப்பது ஒரு சொட்டுதான். ஆனாலும் பூஜ்யம் இல்லை.

மின்னழுத்தமானி குடிப்பதே இல்லை. 10 மீட்டர் சீரான கம்பிக்கு 2 வோல்ட் கொடுத்தால், மீட்டருக்கு 0.2 வோல்ட். டேனியல் கலத்தை எதிராக இணைத்து ஜாக்கியை வைத்துப் பார்த்தால், 540 செ.மீ. அருகே கால்வனாமீட்டர் முள் பூஜ்யத்தில் நிற்கும். அந்த இடத்தில் கலத்திலிருந்து மின்னோட்டமே கிடையாது. கிடைப்பது முழு மின்னியக்கு விசை, 1.08 வோல்ட். லெக்லாஞ்சி கலம் 725 செ.மீ.யில் சமனானால், 725/540, அதாவது சுமார் 1.34 மடங்கு. இதில் எனக்குப் பிடித்தது, அந்த 2 வோல்ட் சரியாக 2 தானா என்று தெரியவே வேண்டாம். இரண்டு அளவீட்டுக்கும் நடுவில் மாறாமல் இருந்தால் போதும்.

லேபுக்குப் போகிறவர்களுக்கு: கம்பியின் இரண்டு முனையிலும் முள் ஒரே பக்கம் ஓடினால், பெரும்பாலும் கலத்தின் முனைகள் மாறியிருக்கும், அல்லது கம்பிக்குக் கொடுத்த பேட்டரி இறங்கியிருக்கும். ஜாக்கியை இழுத்துத் தேய்க்காதீர்கள், தொட்டுத் தொட்டு எடுங்கள். கம்பி ஓரிடத்தில் தேய்ந்தால் அடுத்த பேட்ச்சுக்கு விடை வராது.