நிலா பாடத்தில் ஒரு திருத்தம்

கொஞ்சம் நீளமான பதிவு. என்னிடம் அஞ்சாம் வகுப்பு படித்தவர்கள் கட்டாயம் படிக்கவும்.

போன வாரம் மஞ்சக்குப்பம் வீட்டு மொட்டை மாடியில் பேத்தியோடு உட்கார்ந்திருந்தேன். மேற்கே பிறை. "ஆயா, மிச்ச நிலாவை பூமியோட நிழல்தானே மறைச்சிருக்கு?" என்றாள். யார் சொன்னது என்றேன். "அம்மா." மகளைக் கூப்பிட்டுக் கேட்டால், "நீதானேம்மா கிளாஸ்ல சொல்லிக் குடுத்த!" என்கிறாள்.

உண்மைதான். அவளும் என் வகுப்பில் படித்தவள். வேலைக்கு வந்த புதிதில் பல வருஷம் அப்படித்தான் நடத்தினேன். பாடப்புத்தகத்தைக் குறை சொல்ல மாட்டேன். கிரகணத்துக்கு உரிய காரணத்தைப் பிறைக்கும் நானே ஒட்டவைத்துக்கொண்டேன்.

ஒரு நாள் காலைப் பிரேயரில் ஒரு பெண் கையைத் தூக்கினாள். "டீச்சர், சூரியன் கிழக்கே இருக்கு. நம்ம நிழல் மேற்கே தரையில விழுது. நிலா மேலே பாதியாத் தெரியுதே, அது மேல எப்படி நிழல் விழும்?" தேய்பிறை அஷ்டமி போல, அரை நிலா வெளுப்பாக நின்றது. எனக்குப் பதில் தெரியவில்லை. "அதிகப்பிரசங்கி, வரிசையில நில்லு" என்று அதட்டிவிட்டேன். அவள் முகம் சுருங்கியது இன்னும் நினைவிருக்கிறது.

அன்று ராத்திரி கரண்ட் இல்லை. அரிக்கேன் விளக்கை அலமாரி மேல் வைத்து, ரப்பர் பந்தைக் கையை நீட்டிப் பிடித்தபடி நின்ற இடத்திலேயே இடப்பக்கமாகச் சுற்றினேன். விளக்குப் பக்கம் பிடித்தால் பந்தின் இருட்டு முகம்: அமாவாசை. கால் சுற்று திரும்பினால் வலப்பாதி வெளிச்சம். பந்தில் எப்போதும் பாதி வெளிச்சம்தான், அதில் எவ்வளவு என் பக்கம் தெரிகிறது என்பதுதான் மாறுகிறது. நிழலுக்கு அங்கே வேலையே இல்லை. விளக்குக்கு முதுகு காட்டியபோது என் தலை நிழல் பந்தை மறைத்தது: கிரகணம். கையைக் கொஞ்சம் உயர்த்தினேன், முழு நிலா. நிலாவின் பாதை சுமார் 5 டிகிரி சாய்ந்திருப்பதால்தான் பௌர்ணமிதோறும் கிரகணம் வருவதில்லை என்பது அப்போதுதான் மண்டையில் ஏறியது.

அடுத்து வந்த பிள்ளைகளுக்குச் சரியாக நடத்தினேன். முன்னே படித்துப் போனவர்களைத் தேடிச் சொல்லவில்லை. அந்தப் பெண்ணிடமும் சொல்லவில்லை. வெட்கம், வேறென்ன.

உண்மையான நிழலைப் பார்க்க 2018 ஜனவரி 31, தைப்பூசத்தன்று சில்வர் பீச் போயிருந்தோம். கிரகணத்தோடே நிலா கடலிலிருந்து எழுந்தது. அந்திவெளிச்சத்தில் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. இருட்டிய பிறகு செம்பு நிறத்தில் தெரிந்தது. பூமியின் காற்றுமண்டலம் வளைத்து அனுப்பும் சிவப்பு வெளிச்சம் அது. 7.37-க்கு ஓரத்தில் வெள்ளை எட்டிப்பார்த்தது, 8.41-க்கு முழு வட்டம். நிழல் விலக ஒரு மணி நேரம்தான். பிறை வட்டமாக வளர இரண்டு வாரம். இந்த வித்தியாசமே போதும், இரண்டும் வேறு என்று சொல்ல.

நம்ப முடியாதவர்கள், பௌர்ணமி கழிந்து ஒரு வாரத்தில், காலை எட்டு மணிக்கு மேற்கு வானத்தைப் பாருங்கள். நிலா தினமும் சுமார் 50 நிமிஷம் தாமதமாக எழுவதால், அந்த நாட்களில் நடுராத்திரி வந்து காலையிலும் நிற்கும். வெயிலில் நின்று ஒரு எலுமிச்சம்பழத்தை அதன் பக்கத்தில் நீட்டிப் பிடியுங்கள். பழத்தில் வெயில் படும் வடிவமும் நிலாவின் வடிவமும் ஒன்றாக இருக்கும். பேத்திக்கு அப்படித்தான் காட்டப் போகிறேன், அவள் அம்மாவையும் பக்கத்தில் நிறுத்தி.

பிரேயரில் கை தூக்கிய பெண்ணே, பெயர் போட்டு உன்னைச் சங்கடப்படுத்த மாட்டேன். நீ கேட்டதுதான் சரி. டீச்சரை மன்னித்துவிடும்மா. இதைப் படித்தால் இன்பாக்ஸில் ஒரு வார்த்தை போடு.