கடலோரத் தோட்டம்

ஈப்போ நகரில் புந்தோங் பகுதியில் ஓர் எளிய வீடு. 2014ஆம் ஆண்டின் இறுதிப் பள்ளி விடுமுறையில் அவ்வீட்டு மேசைமீது இரண்டு வழவழப்பான விளக்க ஏடுகள் கிடந்தன. இரண்டிலும் ஒரே தீவு, ஒரே நீலக்கடல். ஆயினும் ஓர் ஏட்டில் கடல்மேல் தூண்கள் ஊன்றி எழுப்பிய மரவீடுகள் வரிசையாக நின்றன. மற்றதில் மதில் சூழ்ந்த முற்றமும், முற்றத்தின் நடுவே நீச்சற் குளமும் உடைய தனி மாளிகைகள் காட்சி தந்தன. இவ்விரண்டனுள் எதனைத் தெரிந்துகொள்வது என்னும் வழக்கு அக்குடும்பத்தில் மூன்று கிழமையாக நடந்துவந்தது.

தாயாருக்கு எண்பதாம் அகவை நிறைகிறது. மகன் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். மகள் கோலாலம்பூரில் கணக்காய்வாளராகப் பணியாற்றி நன்கு பொருளீட்டியவர். தாயாரோ சுங்கை சிப்புட்டை அடுத்த ஒரு ரப்பர்த் தோட்டத்தில் இளமைதொட்டுப் பால்மரம் வெட்டி இருவரையும் ஆளாக்கியவர். வாழ்நாளில் ஒருமுறையேனும் அம்மா பிறர் பணிவிடையில் இரண்டு நாள் இருக்கவேண்டும் என்பது மகளின் நெடுநாள் ஆசை. ஆசை நல்லதுதான். ஆனால் அதனை நிறைவேற்றும் இடத்தைத் தேடியபோதுதான் சிக்கல் எழுந்தது.

லூமுட் துறைக்கு எதிரே கிடப்பது பங்கோர்த் தீவு. 1670இல் ஒல்லாந்தர் ஈயத்தின் பொருட்டுக் கோட்டை கட்டிய இடம் அது. 1874 சனவரி 20ஆம் நாள் பேராக்கின் தலையெழுத்தை மாற்றிய ஒப்பந்தம், அத்தீவின் அருகே நின்ற கப்பலில் கையொப்பமாயிற்று. இவையெல்லாம் மாணவர்கள் தேர்வுக்காகப் படிப்பவை. பங்கோரின் தென்மேற்கே ஒட்டினாற்போல ஒரு சிறு தீவு உண்டு. அதற்குப் பங்கோர் லாவுட் என்று பெயர். பரப்பு ஏறத்தாழ 300 ஏக்கர், பெரும்பகுதி காடு. அங்குள்ளது ஒரே விடுதி. 1994இல் இத்தாலிய இசைவாணர் பவரோட்டி அதனைத் திறந்துவைத்தார். பங்கோரின் பாசிர் போகாக்கிலோ தெலுக் நிப்பாவிலோ எவரும் சோற்றுப் பொட்டலத்தோடு சென்று மணலில் பாய் விரிக்கலாம். பங்கோர் லாவுட் அவ்வாறன்று. பதிவு செய்து பணம் கட்டிய விருந்தினர்க்கே அங்குக் கரையிறங்கும் உரிமை உண்டு.

அத்தீவின் ஒரு குடாவில் கடல்வீடுகள்; பிறிதொரு குடாவில் தனி மாளிகைகள். இவை பின்னாளில் கட்டப்பட்டவை. ஒவ்வொன்றிலும் பல படுக்கையறைகள், குளம், தோட்டம், தனிச் சமையற்காரர், ஏவல் கேட்க ஓர் ஆள். பெருஞ் செல்வர்கள் கும்பலுக்குள் வராமலே விடுமுறையைக் கழித்துவிட்டுப் போவதற்கென அமைந்தவை.

மகளின் உள்ளம் மாளிகையில் இருந்தது. அவர் எடுத்து வைத்த காரணங்களும் தள்ளத்தக்கவை அல்ல. பேரப் பிள்ளைகளோடு ஒரே கூரையின்கீழ் இருக்கலாம், அம்மாவுக்கு ஒத்துக்கொள்ளும் உணவை அங்கேயே சமைக்கச் சொல்லலாம், உணவுக்கூடம்வரை நடக்கவேண்டாம், வேற்றார் கண்ணில் படாமல் அம்மா விருப்பம்போல் இருக்கலாம். ஆசிரியர் இதனை ஏற்கவில்லை. “கடலைத் தேடிப் போய் மதிலைப் பார்த்துக்கொண்டு உட்காருவதா?” என்றார். கடல்வீட்டிலோ காலடியில் அலை ஒலிக்கும். சன்னலைத் திறந்தால் உப்புக்காற்று. பின்னால் திரும்பினால் மலையும் இருவாசிப் பறவையும். நெய்தலும் குறிஞ்சியும் கல்லெறி தொலைவில் கூடும் இடம் இது என்று அவர் வகுப்பறைக் குரலில் விளக்கினார். நெய்தலுக்குரிய ஒழுக்கம் இரங்கல் என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை. விடுமுறைக்குப் போகிறவர்களிடம் அதைச் சொல்வானேன்?

மகள் கணக்குப் போட்டார். கடல்வீட்டின் ஓரிரவு வாடகையே, அம்மா ஓராண்டு முழுதும் பால்வெட்டிப் பெற்ற கூலியை விஞ்சிற்று. மாளிகையின் வாடகை அதனினும் பன்மடங்கு. அந்தக் கணக்கை அவர் அம்மாவிடம் காட்டவில்லை.

முடிவு எட்டாத நிலையில், ஒருநாள் தாயாரிடமே கேட்டுவிடுவது என்று துணிந்தனர். மகள் மாளிகையின் படங்களை ஒவ்வொன்றாகக் காட்டினார். தாயார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பொறுமையாகப் பார்த்தார்.

“இதற்கு என்னம்மா பேர்?”

“எஸ்டேட் என்று சொல்கிறார்கள், அம்மா.”

அவ்விடுதியார் அம்மாளிகைகளுக்கு இட்டிருந்த பெயர் உண்மையிலேயே அதுதான். பெருநிலமும் பெருமனையும் உடைய செல்வக்குடியின் இருப்பிடத்தை ஆங்கிலேயர் அச்சொல்லால் வழங்குவர். நம்மவர் அறிந்த பொருளோ வேறு. ஒரே சொல் துரைக்கு ஒரு பொருளும் தொழிலாளிக்கு மறுபொருளும் தந்துகொண்டு நூறாண்டுக்கு மேலாக இந்நாட்டில் வழங்கியிருக்கிறது.

தாயார் படத்தை மேசைமேல் வைத்தார். “எஸ்டேட்டா? அதிலிருந்து வெளியே வர எனக்கு நாற்பது வருசம் ஆச்சு. மறுபடியும் காசு கொடுத்து அங்கே போகணுமாம்மா?” என்றார்.

பேரப் பிள்ளைகள் சிரித்தனர். மகளுக்குச் சிரிப்பு வரவில்லை.

அவர் சொன்னதில் வேடிக்கை பாதி, வினை பாதி. தோட்டத்தில் வீட்டைத் தெரிந்துகொள்ளும் உரிமை எவருக்கு இருந்தது? மேட்டில் துரை பங்களா; அதற்குக் கீழே கிராணிமார் வீடுகள்; பள்ளத்தில் லயங்கள். கங்காணி காட்டிய கதவே குடும்பத்தின் கதவு. பழைய லயங்களில் இரு வீட்டுக்கும் நடுவிலுள்ள தடுப்புச் சுவர் கூரைவரை எழும்புவதில்லை. ஒரு வீட்டில் குழந்தை இருமினால் மறுவீட்டில் ஒருத்தி எழுந்து வெந்நீர் வைப்பாள். ஒரு வீட்டில் கணவன் கள்ளுக்கடையிலிருந்து திரும்பினால் வரிசை முழுதும் விழித்திருக்கும். தனிமை என்பது அங்கே வறியவர்க்குக் கிட்டாத பண்டம். அந்தப் பண்டத்தைத்தான் மகள் இன்று பெரும்பணம் தந்து தாய்க்கு வாங்க முனைந்தார். அதில் தவறு காண்பதற்கில்லை. சுவருக்கு அப்பால் எழும் பேச்சுக்கு அஞ்சி வளர்ந்த பெண் அவர். உயர்ந்த மதிலொன்றை அவர் விரும்பியதில் வியப்பென்ன?

தாயார் தாமே விரும்பித் தேர்ந்த தோட்டம் ஒன்றும் உண்டு. வெள்ளைக்காரர் தோட்டங்கள் துண்டாடப்பட்டுத் தொழிலாளர் தெருவில் நின்ற காலத்தில், துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். பத்து வெள்ளி பத்து வெள்ளியாகக் கட்டித் தொழிலாளரே தோட்டம் வாங்கலாம் என்றார். தாயார் ஒட்டுப்பால் காசையும் சேர்த்துக் கட்டினார். அந்தப் பங்குத்தாள் பிஸ்கட் டின்னுக்குள், பிள்ளைகளின் பிறப்புப் பத்திரங்களோடு கிடந்தது. தோட்டம் என்றால் அவருக்கு வெறுப்பு மட்டும்தான் என்று எண்ணிவிடலாகாது.

மகன் அடுத்த ஏட்டை நீட்டினார். கடல்வீடுகளைக் கண்டதும் தாயாரின் முகம் மலர்ந்தது. “இது சுங்கை பினாங் வீடு மாதிரி இருக்கே!” என்றார்.

அவருக்குப் பங்கோர் புதிய ஊரன்று. மாசி மகத்துக்கு ஆண்டுதோறும் தோட்டத்திலிருந்து லாரி புறப்படும். லாரியில் நின்றுகொண்டே லூமுட், அங்கிருந்து படகு. தீவின் கிழக்குக் கரையில், நிலப்பகுதியைப் பார்த்த பக்கம், ஸ்ரீ பத்திரகாளியம்மன் கோயில் இருக்கிறது. பேராக்கின் பல தோட்டங்களிலிருந்தும் மக்கள் அத்திருவிழாவுக்குத் திரள்வர். படகு கரையை நெருங்கும்போது சீன மீனவர்களின் மரவீடுகள் நீர்மேல் கால் ஊன்றி நிற்கும். வாசலிலிருந்தே தூண்டில் போடலாம். அப்படி ஒரு வீட்டில் ஒருநாள் இருந்து பார்க்கவேண்டும் என்று பதினாறு வயதில் அவர் எண்ணியதுண்டாம். அறுபத்துநான்கு ஆண்டுகள் எவரிடமும் சொல்லாத ஆசை அது.

“அங்கேயிருந்து அம்மன் கோயில் தெரியுமாய்யா?” என்று மகனைக் கேட்டார். தெரியாது, இடையே பங்கோரின் மலை மறைக்கும். மகன் உண்மையைச் சொன்னார். “அப்போ முதல்லே கோயிலுக்குப் போய்ட்டுப் போவோம்” என்றார் தாயார். மூன்று கிழமை வழக்கு அத்துடன் முடிந்தது. மகள் அடுத்தடுத்து மூன்று கடல்வீடுகளைப் பதிவு செய்தார். நடுவீடு அம்மாவுக்கு.

பயணத்தைப் பற்றி விரித்துரைக்கவேண்டியதில்லை. முதல்நாள் மாலை, மேற்குப் பக்கத்துக் கரையில் கதிரவன் இறங்குவதைக் காணச் சென்றனர். எமரால்டு குடா என்று அதற்குப் பெயர். ஆசிரியர் அங்கே ஒரு செய்தி சொன்னார். சப்பானியர் ஆட்சியில் மூன்றாண்டுக்கு மேல் மலாயாக் காட்டில் மறைந்து வாழ்ந்த சேப்மன் என்னும் ஆங்கில அதிகாரி, 1945 மே மாதத்தில் இக்கரையிலிருந்தே நீர்மூழ்கிக் கப்பலில் ஏறித் தப்பினார். பின்னர் அதனை நூலாகவும் எழுதினார். தாயார் கேட்டுக்கொண்டே இருந்தார். அவர் தந்தையார் அதே போர்க்காலத்தில் சயாம் இரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்டவர், திரும்பவில்லை. “வெள்ளைக்காரனுக்குக் கப்பல் வந்திச்சு” என்றார். பிறகு நீரில் இறங்கிக் கால் நனைத்தார்.

அன்றிரவு மகளுக்கு நெடுநேரம் உறக்கம் வரவில்லை. அம்மாவுக்குத் தனியே இருக்க அச்சமாக இருக்குமோ என்ற கவலை. கடலோசையின் நடுவே, பக்கத்து வீட்டிலிருந்து தாயாரின் இருமல் ஒலி மெல்லக் கேட்டது. அதன் பிறகுதான் மகள் கண்ணயர்ந்தார்.

விடிவதற்கு வெகுமுன் தாயார் எழுந்துவிட்டார். பெரட்டுக்கு எழுந்த உடம்பு; எண்பதிலும் அது மணி தவறுவதில்லை. தொலைவில் மீன்பிடிப் படகுகளின் விளக்குகள் அசைந்தன. வீடுகளை இணைக்கும் மரப்பாலத்தில் ஓர் இளைஞன், விருந்தினர் உறக்கம் கலையாதபடி, மெதுவாகப் பெருக்கிக்கொண்டு வந்தான். தாயார் கதவைத் திறந்து நின்றார். ஏதேனும் குறையோ என்று அவன் துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டுப் பதறி ஓடிவந்தான்.

“சூடா மாக்கான்?” என்று கேட்டார்.

“பெலும், நெனெக்” என்றான் அவன், சிரித்துக்கொண்டே.

விடிந்து மகள் வந்து பார்த்தபோது, அறையில் வைத்திருந்த பழத்தட்டு காலியாக இருந்தது. தாயார் வாசற்படியில் அமர்ந்து, அவன் துடைப்பத்தின் தளர்ந்த கட்டை அவிழ்த்து இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தார்.