இரண்டாவது சாட்சி



நம் சபைக் குடும்பங்கள் பலவற்றில் இப்போது கதவுச் சட்டத்தின் மேல்மூலையில் ஒரு சிறிய வெள்ளைப் பெட்டி ஒட்டப்பட்டிருக்கிறது. கள்வன் கதவை நெம்பினாலோ ஜன்னலை உடைக்க முயன்றாலோ அந்த அதிர்வை உணர்ந்து சைரனை எழுப்பும் சென்சார் அது. காரைக்கால் பகுதியில் இதன் தேவையை நான் விளக்க வேண்டியதில்லை. பிள்ளைகள் பிரான்சிலோ வளைகுடா நாடுகளிலோ இருக்க, பெரிய வீட்டில் முதிய பெற்றோர் தனித்திருப்பது நமக்குப் புதிதன்று. குளிர்காலத்தில் இங்கே நள்ளிரவு 2 மணி என்றால் பாரிசில் முந்தின இரவு 9.30. அங்கே மகனுடைய கைபேசி ஒலிக்கிறது. அவன் உடனே அழைக்கக்கூடியவர் அடுத்த வீட்டுக்காரர் ஒருவரே. அவர் எழுந்து வருவாரா என்பதில்தான் அந்தக் காவல் முழுவதும் அடங்கியிருக்கிறது.

நம் சபையின் முதிய தாயார் ஒருவரின் வீட்டில் அந்தச் சைரன் ஒரே வாரத்தில் நான்கு இரவுகள் அலறியது. முதல் இரவு தெருவே திரண்டு வந்தது. இரண்டாம் இரவு இருவர் வந்தனர். நான்காம் இரவு, "அதை அணைத்துவிடுங்கள், அம்மா" என்ற குரல் மட்டும் வந்தது. அவரும் ஊர் உறங்கட்டும் என்று சுவிட்சை அணைத்துவிட்டார். "புலி வருது" என்று கூவிய சிறுவனின் கதையை நாம் சிறுவயது முதல் அறிவோம். அளவுக்கு மீறி உணர்கின்ற கருவியும் அப்படித்தான். கடைசியில் அது உணர்வற்ற கருவியின் நிலையையே அடைகிறது.

திருநள்ளாற்றில் அதிர்வுக்குக் குறைவில்லை. சனிக்கிழமைதோறும் சனீஸ்வரன் கோயிலுக்கு வரும் பேருந்துகளும் வேன்களும் விடியற்காலையிலேயே தெருவை நிறைக்கின்றன. 2023 டிசம்பர் 20 அன்று சனிப்பெயர்ச்சியின்போது திரண்ட கூட்டத்தை நாம் கண்டோம். தீபாவளி வெடி, ஐப்பசி கார்த்திகை மாதங்களின் இடி, காற்றில் படபடக்கும் ஜன்னல் என இவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இவற்றுக்கு நடுவே கள்வனின் கடப்பாரையை மட்டும் அந்தப் பெட்டி எப்படி இனங்காணும்?

அதன் உள்ளே அழுத்தம் பட்டால் சிறு மின்னழுத்தத்தை உண்டாக்கும் ஒரு தகடு இருக்கிறது. அந்த மின்னழுத்தம் ஒரு குறிப்பிட்ட அளவைத் தாண்டினால்தான் அறிவிப்பு எழும். அந்த அளவை ஏற்றி இறக்குவதற்கே உள்ளே சிறு திருகு ஒன்று வைத்திருக்கிறார்கள். ஆனால் திருகைத் தொடுமுன் பெட்டி உட்கார்ந்திருக்கும் இடத்தைப் பாருங்கள். மேற்சொன்ன தாயாரின் வீட்டில் பழுது பார்க்க வந்த தம்பி கண்டது இதுதான்: கதவுச் சட்டமே சுவரோடு இறுகவில்லை, பேருந்து போகும்போதெல்லாம் அது ஆடியது. ஆடுகிற சட்டத்தில் எந்தத் திருகும் பயன் தராது. அவர் முதலில் சட்டத்தை இறுக்கினார்.

அதன்பின் செய்ய வேண்டியது பொறுமையான வேலை. சைரன் அலறாதபடி கருவியைச் சோதனை நிலையில் வையுங்கள். திருகை மிகக் குறைந்த உணர்திறனில் வைத்து, பெட்டியிலிருந்து தூரமான மூலையில் ஸ்க்ரூ டிரைவரின் கைப்பிடியால் தட்டுங்கள், கண்ணாடியில் தட்டவேண்டாம். பெட்டியின் சிறு விளக்கு எரியும்வரை உணர்திறனைச் சிறிது சிறிதாக ஏற்றுங்கள். பிறகு கதவை வழக்கம்போல் சாத்துங்கள். தெருவில் பேருந்து போகும்வரை காத்திருங்கள். விளக்கு எரியாதிருந்தால் அளவு சரி. தட்டலுக்கும் எரிய வேண்டும், பேருந்துக்கு எரியக்கூடாது. இரண்டும் ஒருசேர அமையாவிட்டால் பெட்டியைப் பூட்டுக்கு அருகே மாற்றிப் பாருங்கள். மழைக்காலத்தில் மரக்கதவு ஊதும். கோடையில் சுருங்கி ஆடும். ஆகவே ஆண்டுக்கு இருமுறையாவது இந்தச் சோதனை வேண்டும்.

பல கருவிகளில் இன்னொரு வசதியும் உண்டு. ஒரே ஒரு சிறு தட்டலுக்கு அலறாமல், சில நொடிகளுக்குள் இரண்டு மூன்று தட்டல்கள் வந்தால் மட்டும் அறிவிக்கும்படி அமைக்கலாம். சிலவற்றில், மிகப் பலத்த அடி ஒன்று விழுந்தால் அது இரண்டாவதற்காகக் காத்திராது. மோசேயின் நியாயப்பிரமாணம் ஒரே சாட்சியின் சொல்லைக் கொண்டு ஒருவனைக் குற்றவாளியாகத் தீர்க்கலாகாது என்று விதித்ததை இங்கே நினைவுகூருகிறேன். அந்த ஞானம் ஒரு சிறு பெட்டிக்குள்ளும் வேலை செய்கிறது.

நம் கடற்கரைக்கு இது உயிரோடு தொடர்புடைய காரியம். 2004 டிசம்பர் 26 காலை சுமத்ரா அருகே நிலம் நடுங்கியதை உலகெங்கும் உள்ள நிலநடுக்கமானிகள் பதிவு செய்தன. அலை நம் கரைக்கு வர இரண்டு மணி நேரத்துக்கும் மேலாயிற்று. ஆயினும் அந்த அதிர்வைக் கரையிலிருந்தவர்களுக்கு எச்சரிக்கையாக்கித் தரும் ஏற்பாடு இந்தியப் பெருங்கடலில் அன்று இல்லை. 2007இல் ஐதராபாத்தில் சுனாமி முன்னெச்சரிக்கை மையம் செயல்படத் தொடங்கியது. 2012 ஏப்ரல் 11 பிற்பகலில் அதே பகுதியில் 8.6 அளவில் நிலம் நடுங்கியபோது எச்சரிக்கை உடனே வந்தது. மக்கள் கரையைவிட்டு அகன்றனர். பாறைத்தட்டுகள் பக்கவாட்டில் நகர்ந்ததால் பேரலை எழவில்லை. கடல்மட்டத்தை அளக்கும் மிதவைகளும் கருவிகளும் அதை உறுதிசெய்தபின் எச்சரிக்கை விலக்கப்பட்டது. அதிர்வு முதல் சாட்சி. நீர்மட்டம் இரண்டாவது சாட்சி. பெரிய நடுக்கத்துக்கு உடனே குரல் கொடுத்தார்கள். உண்மை தெரிந்ததும் மறைக்காமல் அறிவித்தார்கள். அதனால்தான் அடுத்த எச்சரிக்கைக்கும் மக்கள் செவிகொடுப்பார்கள்.

பிரியமானவர்களே, நம் உள்ளத்திலும் இப்படி ஒரு திருகு இருக்கிறது. ஒருவர் முகம் திருப்பினார் என்பதற்காக உறவையே முறிக்கிறோம். ஒரு வாய்ச்சொல் கேட்டு ஒருவரின் நற்பெயருக்கு எதிராகச் சைரன் எழுப்புகிறோம். வேறு சிலரோ பலமுறை ஏமாந்தபின் சுவிட்சையே அணைத்துவிட்டு, அடுத்த வீட்டின் அழுகுரலும் கேளாதவர்களாகிவிட்டார்கள். ஆடுகிற சட்டத்தை முதலில் இறுக்குங்கள். சிறு தட்டலானால் இரண்டாவது சாட்சிக்குக் காத்திருங்கள். பலத்த அடி விழுந்தால் தாமதியாமல் குரல் எழுப்புங்கள்.

திருகைச் சரிசெய்ததோடு வேலை முடியவில்லை. அந்தத் தாயார் மறுநாள் நான்கு வீடுகளுக்கும் நடந்து சென்று, "சரிபண்ணியாயிற்று; இனி அது கத்தினால் தயவுசெய்து வாருங்கள்" என்று கேட்டுக்கொண்டார். கருவியைச் சரிசெய்ய ஒரு பிற்பகல் போதும். இழந்த நம்பிக்கையைத் திரும்பப் பெற இப்படி வீடு வீடாக நடக்கத்தான் வேண்டும். இந்த வாரம் உங்கள் வீட்டுப் பெட்டியைச் சோதித்துப் பாருங்கள். தனித்திருக்கும் முதியவர் அருகில் இருந்தால் அவருடையதையும் பாருங்கள். நள்ளிரவில் அவர் யாரை அழைப்பார் என்றும் கேளுங்கள். அந்தப் பெயர் உங்களுடையதாக இருக்கட்டும்.

கர்த்தர் உங்கள் இல்லங்களைக் காப்பாராக. ஆமென்.