சக்கரம் தொட்ட பிறகு

வால்சக்கர விமானத்தில் பழக வருகிறவர்கள் தரையைத் தொடும் அந்தக் கணத்தை நினைத்துத்தான் பயப்படுகிறார்கள். மூன்று சக்கரமும் ஒன்றாகப் பூப்போலப் பதிந்துவிட்டால் முகம் மலர்ந்துவிடுகிறது. தோள் தளர்கிறது, காலும் தளர்கிறது. பயிற்றுநராக எனக்குக் கவலை தொடங்குவதே அங்கேதான். இந்த வகை விமானங்கள் சுழன்று விழுவது பெரும்பாலும் அழகாகத் தொட்ட பிறகு, ஓடி நிற்பதற்குள்.

காரணம் எளியது. முன்னால் இரண்டு பெரிய சக்கரம், வாலடியில் ஒரு சின்னச் சக்கரம். விமானத்தின் ஈர்ப்பு மையம் பெரிய சக்கரங்களுக்குப் பின்னால் இருக்கிறது. மாட்டுவண்டியை நுகத்தடியைப் பிடித்து இழுத்தால் நேராகப் பின்தொடரும். அதே நுகத்தடியைப் பிடித்துப் பின்பக்கமாகத் தள்ளிப் பாருங்கள், கொஞ்சம் கோணினாலும் ஒடித்துக்கொண்டு போகும். ஓடுகிற விமானத்தின் எடை சக்கரங்களை அப்படித்தான் பின்னாலிருந்து தள்ளுகிறது. மூக்கு சற்றே வலப்பக்கம் திரும்பினால் எடை பழைய திசையிலேயே போகப் பார்க்கும். திருப்பம் தன்னைத்தானே வளர்த்துக்கொள்ளும். விட்டால் இடது இறக்கை தாழ்ந்து நுனி தரையில் உரசும், இடது சக்கரக்கால் மடியும், ப்ரொப்பெல்லர் மண்ணைக் கிளறும். இதற்குப் பெயர் கிரவுண்ட் லூப். உயிர்ச்சேதம் அரிது. ஆனால் ப்ரொப்பெல்லர் தரையில் பட்ட எஞ்சினைப் பிரித்துப் பார்க்காமல் மறுபடி பறக்கவிடக் கூடாது. பல விமானங்கள் அந்தச் செலவு தாங்காமலே ஹேங்கர் மூலைக்குப் போயிருக்கின்றன.

மூக்கடியில் சக்கரம் வைத்தால் ஈர்ப்பு மையம் முன்னால் வந்து, விமானம் தானே நேராகிக்கொள்ளும். செஸ்னா 170இன் வாலடிச் சக்கரத்தை மூக்குக்கு மாற்றி 1956இல் வந்ததுதான் 172. அதன்பின் பயிற்சி விமானங்கள் மெல்ல மெல்ல அப்பக்கம் சாய்ந்தன. 1958இல் முதலில் பறந்த நம் ஹெச்.ஏ.எல். புஷ்பக் மட்டும் பழைய வழியிலேயே நின்று, இந்திய ஃப்ளையிங் கிளப்புகளில் ஒரு தலைமுறையின் கால்களைப் பழக்கியது.

நான் கற்றுக்கொடுப்பது பைப்பர் ஜே-3 கப்பில். 65 குதிரைத்திறன் எஞ்சின். இறங்கும் வேகம் ஒரு மொபெட்டின் வேகத்தைவிட அதிகம் இராது. மாணவர் பின்னிருக்கையில், நான் முன்னால். அவர் காலை என்னால் பார்க்க முடியாது. ஆனால் வாலிலுள்ள திசைத்திருப்பியை, அதாவது ரடரை, அசைக்கும் பெடல்கள் முன்னிருக்கைக்கும் பின்னிருக்கைக்கும் இணைக்கப்பட்டவை. என் உள்ளங்கால் லேசாக ஒட்டியிருக்க, அவர் மனசு எங்கே இருக்கிறது என்பது அதன் வழியாகவே தெரிந்துவிடும். பெடல் அசையாமல் கிடந்தால் அவர் பார்க்கவில்லை. ஒரே மிதியாக அழுந்தினால் தாமதமாகப் பார்த்திருக்கிறார். எனக்கு வேண்டியது சின்னச் சின்னத் தட்டல்: இடம், விடு, வலம், விடு. இதில் "விடு" என்பதுதான் எளிதில் வராது. கோணலை நிறுத்தக் கொடுத்த மிதியை உடனே திரும்ப எடுக்காவிட்டால், அதுவே எதிர்ப்பக்கக் கோணலுக்கு வித்தாகும். இப்படி மாறிமாறிப் பெரிதாகிப் போகும் ஊசலின் கடைசியில்தான் பலர் புல்வெளிக்குள் போய்ச் சுழல்கிறார்கள்.

கண் எங்கே இருக்க வேண்டும்? கப் மூன்று சக்கரத்திலும் நிற்கும்போது எதிரே மூக்கும் என் முதுகும்தான் தெரியும். அதனால் மாணவர் ஒரு பக்கமாக எட்டிப் பார்த்து, அந்தப் பக்கத்து ஓரத்தை மட்டுமே நம்புகிறார். தலையை நேராக வைத்து, இரு பக்க ஓரங்களையும் கடைக்கண்ணில் ஒருசேர வாங்கச் சொல்வேன். மூக்கு நகர்ந்த பிறகு திருத்துவது போதாது. நகரத் தொடங்குவதே தெரிய வேண்டும்.

வேகம் குறையக் குறைய ரடர்மேல் காற்று குறையும், அதன் பிடியும் போகும். அப்போது திருப்புவது பெரும்பாலும் வால்சக்கரம்தான். கட்டுப்பாட்டு ஸ்டிக்கை வயிற்றோடு சேர்த்து இழுத்து வாலைத் தரையில் அழுத்தி வைத்தால்தான் அதற்குப் பிடி கிடைக்கும். குறுக்குக்காற்று இருந்தால் அது வாலின் செங்குத்துப் பரப்பைத் தள்ளி மூக்கைக் காற்றின் பக்கம் திருப்பப் பார்க்கும். காற்று வரும் பக்கத்துக்கு ஸ்டிக்கைச் சாய்த்து, வேகம் குறையக் குறைய முழுதாகச் சாய்த்துக்கொண்டே போக வேண்டும். துள்ளிக் குதித்த விமானத்தைக் கீழே அமுக்கப் பார்க்காமல், பெரிய துள்ளலென்றால் த்ராட்டிலைத் திறந்து மறுசுற்று போவது நல்லது. அதை எல்லாப் பயிற்றுநர்களும் சொல்கிறார்கள், மாணவர்களும் கேட்கிறார்கள்.

அமெரிக்காவில் வால்சக்கர விமானத்தைத் தன் பொறுப்பில் ஓட்டப் பயிற்றுநர் ஒருவர் பதிவேட்டில் கையெழுத்திட வேண்டும். அந்தக் கையெழுத்துக்கு முன் நான் டச் அண்ட் கோ அனுமதிப்பதில்லை. தொட்ட உடனே மறுபடி எழும்புவதால் ஒரு மணி நேரத்தில் நிறைய லேண்டிங் கிடைக்கும் என்பது உண்மைதான். ஆனால் அதில் வெட்டுப்படுவது தொட்டதற்கும் நிற்பதற்கும் இடையிலான அந்த ஓட்டம். என்னிடம் ஒவ்வொரு முறையும் முழுக்க நிற்க வேண்டும், ரன்வே முனைக்கு டாக்ஸி செய்து திரும்பி வந்து மறுபடி கிளம்ப வேண்டும். முதலில் புல்லில், அங்கே டயர் கொஞ்சம் வழுக்கிக்கொடுக்கும். பிறகு தார் ரன்வேயில், சக்கரம் பக்கவாட்டில் நகர்ந்தால் ரப்பர் சட்டென்று பிடித்துக்கொள்ளும் இடத்தில். காற்று நேராக வரும் காலையில் தொடங்கி, குறுக்காக வீசும் மத்தியானத்துக்குப் போவோம். நேரம் கூடத்தான் ஆகிறது, கட்டணமும் கூடுகிறது. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் நான் பேரம் பேசுவதில்லை.